ராஜா துவைக்கும் துணி

பகாவ்
14 ஜனவரி 2024

அக்கா,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் மகளிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "மாமா, உங்க சண்டையில என்னை இழுக்காதீங்க லா" என்கிறாள் ஷாமினி. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தமிழில் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து அம்மா படுத்ததிலிருந்து குளிப்பாட்டி, துணி மாற்றி எல்லாம் செய்துகொண்டிருந்தது பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்காதான். அவருக்கு இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. "மத்தியானம் வந்து கஞ்சி வேணும்னா ஊட்டுறேன் தம்பி. அம்மாவைப் புரட்டித் தூக்க இனிமே என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். நாளைக்குப் பொங்கல். இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவே ஆள் இல்லை.

நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. தீபாவளிக்கும் இதைத்தான் சொன்னேன். சொன்ன விதம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். "ஊரான் வீட்டு மூத்திரத்தை அள்ளுவே, பெத்தவளுக்குச் செய்யமாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நீ மட்டும் சும்மா இருந்தாயா? "ராஜா செய்யட்டுமே" என்றாய். அம்மா என்னை ராஜா என்று கூப்பிடுவதைக் குத்திக்காட்டினாய்.

நான் விடியும் முன்னே செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எடுத்தால் பிற்பகல்தான் வீடு திரும்புகிறேன். அது கிடக்கட்டும். ஒரு மகன் தாய்க்கு அந்த வேலையை எப்படிச் செய்வான்? நீ சமைப்பது துங்கு வீட்டில். அரச பரம்பரை. அங்கே எந்த ஆம்பிளையாவது ஒரு கோப்பையைக் கழுவி நீ பார்த்திருக்கிறாயா? அவர்களுக்குக் கைகட்டி நிற்க ஆள் இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள், நீதானே?

மோட்டார் சைக்கிளில் வந்துவிடும் தூரம்தான். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

வசந்தன்

*

கோலா பிலா
21 ஜனவரி 2024

தம்பி வசந்தனுக்கு,

அரச வீட்டு ஆம்பிளைகள் கோப்பை கழுவுவார்களா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதும் நல்லதுதான். உட்கார்ந்து படி.

எல்லா அரச வீட்டையும் பற்றி எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இந்த ஒரு வீடு. துங்கு ஐயாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறார். அவரைப் பெரியம்மா என்று வைத்துக்கொள். வேலைக்குச் சமைக்க நான், கூட்டித் துடைக்க ஒருத்தி, தோட்டக்காரர், டிரைவர் என்று எல்லாரும் இருக்கிறோம். நான் வந்த புதிதில் ஒரு காலை, பெரியம்மா நனைத்த சரோங்கை எடுக்கப் போனேன். குளியலறை வாசலில் துங்கு ஐயா கையை நீட்டித் தடுத்தார். "பியார் சாயா புவாட்" என்றார். விடு, நான் செய்கிறேன் என்று.

நம்பமாட்டாய். ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பனியனோடு, சோப்பு போட்டுக் கசக்குகிறார். பிறகு கொல்லைக் கொடியில் அவரே உதறிக் காயப்போடுகிறார். மனைவியைத் துடைப்பதும் மாற்றுவதும் அவர்தான். டிரைவரிடம் கேட்டேன், சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று. "சின்ன வயசுல அவருக்குச் சப்பாத்து மாட்டிவிடவே ஒரு ஆள் இருந்துச்சாம்" என்றார். யாரும் சொல்லாமல் தானே கற்றுக்கொண்டிருக்கிறார், இந்த வயதில்.

இப்போது நம் வீட்டு ராஜாவுக்கு வருகிறேன். நீ சாப்பிட்ட தட்டை நீயே எடுத்துக்கொண்டு போனால்கூட அம்மா உன் கையிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுப்பாள், ஞாபகம் இருக்கிறதா? "ஆம்பிளைப் பிள்ளை கை எச்சில் தட்டைத் தொடலாமா?" என்பாள். குழாயடியில் உன் பள்ளிச் சட்டைக்கு நீலம் போட்டுப் போட்டு என் நகமெல்லாம் நீலமாக இருக்கும். அதோடு வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் சிரிக்கும். நான் படிப்பை நிறுத்தியபோது யாரும் அழவில்லை. நீ பரீட்சையில் தோற்றபோது அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை.

நான் வரமாட்டேன். ஷாமினியின் படிப்பு நீலாயில் ஏப்ரலில்தான் முடிகிறது. அவள் அப்பா போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் அவளைப் படிக்கவைக்கிறேன். ஏப்ரலில் வந்து பார்க்கிறேன். அதுவரை நீ செய். உனக்கும் இரண்டு கை இருக்கிறது.

திலகா

*

பகாவ்
4 பிப்ரவரி 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன்னைத் திட்டிக்கொண்டே லோரி ஓட்டினேன். அதுவரை இடுப்பு வலியோடு செய்துகொண்டிருந்த வள்ளியம்மா அக்காவும் நின்றுவிட, வேறு வழி இல்லாமல் செய்தேன்.

முதல் நாளைச் சொல்கிறேன். லோரியை நிறுத்திவிட்டு வந்தால் வீடு முழுக்க வாடை. அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். நான் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு கிட்டே போனதும், நன்றாக இருக்கும் அந்த ஒரு கையால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ ராஜா, வேணாம்டா. வள்ளியம்மாவைக் கூப்பிடு. நீ வெளிய போய்யா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாய் கோணியதால் பாதி வார்த்தைதான் வருகிறது. விரலை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. துடைத்து முடிக்கும் வரை அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பெம்பர்ஸ் போட்டால் இந்த வெயிலுக்குத் தொடையெல்லாம் வெந்துபோகிறது. அதனால் பழைய சரோங்கைக் கிழித்துத் துணி கட்டுகிறேன். கொல்லையில் துவைத்துக் காயப்போடும்போது லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ரவிச்சந்திரன் மோட்டாரை நிறுத்தி, "என்னா வசந்தா, சலவைக் கடை போட்டுட்டியா?" என்று கேட்கிறார். சோறு இரண்டு தடவை தீய்ந்துவிட்டது. மூன்றாவது தடவை கஞ்சியாகவே வைத்துவிட்டேன்.

ஒரு யோசனை. மண்டோர் வீட்டுக்கு வேலைக்கு வந்துபோகும் இந்தோனேசியப் பெண் காலையும் மாலையும் வரச் சம்மதிக்கிறாள். கூலி கொடுத்துவிடலாம். அம்மாவும் நிம்மதியாக இருப்பாள். என்ன சொல்கிறாய்?

வசந்தன்

*

கோலா பிலா
13 பிப்ரவரி 2024

தம்பி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் கூலிக்கு ஆள் வைக்காதே. இதில் நான் பிடிவாதக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை. அம்மா உன்னை ராஜாவாகவே வளர்த்தாள், என்னை உனக்கு ஆளாக வளர்த்தாள். ஒரு தடவையாவது அவள் பார்க்கட்டும், மகனுக்கும் கை இருக்கிறது, அந்தக் கை அழுக்குத் தொட்டால் உதிர்ந்துவிடாது என்று. நீ ஆள் வைத்தால் நான் இனிமேல் உனக்கு எழுதமாட்டேன். நீயே செய்.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். துங்கு ஐயா செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு அதற்கு உள்ளேயே துடை. முகத்தைப் பார்க்காதே. வாய் மூடாமல் எதையாவது பேசிக்கொண்டே செய். அவர் தோட்டத்து டுரியான் மரத்தைப் பற்றியும் பழைய காரைப் பற்றியும் பேசிக்கொண்டே போவார், பெரியம்மா "ஹ்ம்" கொட்டிக்கொண்டிருப்பார், அதற்குள் வேலை முடிந்திருக்கும். முதுகைத் தொட்டுப் பார், புண் வந்துவிடப் போகிறது. பக்கம் மாற்றிப் படுக்கவை.

வெட்கம் கொஞ்ச நாளில் போய்விடும். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன சொன்னாள் என்று எழுது.

அக்கா

*

பகாவ்
25 பிப்ரவரி 2024

அக்கா,

நீ சொன்னபடியே செய்கிறேன். அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேசிக்கொண்டே செய் என்றாயே, அது நல்ல வழிதான். லோரியைப் பற்றி, ஃபேக்டரியில் காத்துக்கிடப்பதைப் பற்றி, எல்லாம் சொல்கிறேன். அம்மா இப்போது சேலையைப் பிடித்துக்கொண்டு போராடுவதில்லை.

இன்னொரு நல்ல செய்தி. உடம்பு தேறுகிறது என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் நான் வரும்போது படுக்கையே நனைந்து கிடக்கும். இப்போது பல நாள் துணி காய்ந்தே இருக்கிறது. சில நாள் ஒரே ஒரு துணிதான் துவைக்கிறேன். "பார்த்தியாம்மா, உனக்கு நல்லாகுது" என்றேன். சிரித்தாள். வாய் கோணிய பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல கையை எடுத்து என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சோப்பில் ஊறிச் சொரசொரப்பாகிவிட்டது என்று சைகை காட்டினாள்.

இங்கே வெயில் தாங்கவில்லை. மழை என்பதே இல்லை. காலையில் கிளம்பும்போது தலைமாட்டில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறேன். உறிஞ்சுகுழல் போட்டுவைப்பதால் அவளே குடித்துக்கொள்வாள். வரும்போது செம்பு காலியாக இருக்கிறது. ஆனாலும் உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பகலில் நிறையத் தூங்குகிறாள் என்று வள்ளியம்மா அக்கா சொன்னார். தூங்கட்டும், அவள் எந்தக் காலத்தில் தூங்கினாள்? ரப்பர் பால் எடுக்க வெட்டுக்காட்டுக்குப் போகும் நாளில் சேவலுக்கு முன்னே எழுந்துவிடுவாளே.

நீ கேட்டதைச் சொன்னேன். "திலகாவுக்குக் கோவம் போச்சா?" என்று கேட்டாள். போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். பொய்யா உண்மையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

வசந்தன்

*

கோலா பிலா
2 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடு. நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் போய்க்கொண்டிருக்கிறது. அவள் சிரித்தாள் என்று படித்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது. உன்னை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அம்மாவை இப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. ஷாமினியிடமும் சொன்னேன். "மாமாவா? நிஜமாவா?" என்று வாயைப் பிளந்தாள்.

இங்கே நடந்த ஒரு கூத்தைக் கேள். பெரியம்மாவுக்கு நான் கொண்டுபோய் வைக்கும் தேநீர், ஜூஸ் எல்லாம் காலியாகிறது, ஆனால் அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் பார்த்தால் ஜன்னலோரப் பூஜாடியில் தேநீர் நிற்கிறது! நான் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதே திலகா. குடித்தால் போக வேண்டியிருக்கும். போனால் அவர்தானே துவைக்க வேண்டும். அவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பதை இந்தக் கட்டிலில் இருந்து பார்க்க முடியவில்லை" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா, துங்கு ஐயாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நீ குடிக்கும் வரை நானும் குடிக்கமாட்டேன்" என்றார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பெரியம்மா அழுதுகொண்டே ஒரு கிளாஸ் குடித்தார். இப்போது ஒவ்வொரு வேளையும் இருவரும் ஒன்றாகத்தான் குடிக்கிறார்கள்.

பெரிய இடத்து வெட்கத்தைப் பார்த்தாயா? நம் அம்மாவுக்கு இந்தப் பிகு எல்லாம் கிடையாது. பால்மரக் காட்டில் வேலை செய்த உடம்பு.

அம்மாவுக்கு ஒரு நைட்டி தைத்திருக்கிறேன். முன்பக்கம் திறக்கிற மாதிரி. ஏப்ரலில் கொண்டுவருகிறேன்.

அக்கா

*

கோலா பிலா
11 மார்ச் 2024

வசந்தன்,

அம்மாவைத் தூக்கிய நாளில் நான் உன்னோடு பேசவில்லை. பேசினால் பிணத்துக்கு முன்னால் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாமினியிடம் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாள். அம்மாவின் உடம்பில் தண்ணீரே இல்லையாம். பல நாளாகவே இல்லையாம். அதனால் சிறுநீரகம் கெட்டு, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம்.

ஒரு மனுஷிக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாதா உனக்கு? செம்பு நிறைய வைக்கிறேன், காலியாகிறது, உடம்பு தேறுகிறது, சிரிக்கிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதினாயே. எல்லாம் என் வாயை அடைக்க எழுதிய பொய்யா? நான் அதை நம்பிக்கொண்டு இங்கே பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன். வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்துக் கறுத்துப்போயிருந்தது. அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதினாறாம் நாளுக்கு வருவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன கொடுத்தாய், என்ன கொடுக்கவில்லை என்று உண்மையை எழுது. இல்லாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை.

திலகா

*

பகாவ்
16 மார்ச் 2024

அக்கா,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். உன்னை வெட்டிப்போடுகிற வார்த்தைகள் என்னிடமும் இருந்தன. எழுதிப் பார்த்தேன், அனுப்ப மனம் வரவில்லை.

நான் பொய் எழுதவில்லை. செம்பு தினமும் காலியாகத்தான் இருந்தது. அதைக் காலி செய்தது வள்ளியம்மா அக்கா. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி என் காலடியில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மத்தியானம் கஞ்சி ஊட்ட வரும்போதெல்லாம் அம்மா கையெடுத்துக் கும்பிடுவாளாம், அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லி. "பிள்ளை வேல செஞ்சி களைச்சி வர்றான் வள்ளி. வந்ததும் என் பீ மூத்திரத்தை அள்ளுறான். அந்தக் கையை நான் எப்படி வளர்த்தேன்! நான் குடிக்கலைன்னா அவனுக்கு வேல இல்ல" என்றாளாம். கஞ்சியிலும் ரெண்டு வாய்தான். சத்தியம் வாங்கிக்கொண்டாளாம், என்னிடம் சொல்லக் கூடாதென்று. வள்ளியம்மா அக்காவைத் திட்டாதே. கிழவி வெட்கத்துக்கு ஏதோ செய்கிறாள், அவன் வந்ததும் அவன் கையால் குடிப்பாள் என்று நினைத்திருக்கிறார். நான் கொடுத்தாலும் நாக்கை நனைத்துக்கொண்டு போதும் என்று தலையாட்டுவாள். பகலெல்லாம் குடித்த வயிறு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

துணி காய்ந்திருந்தது. குணமாகிறது என்று நான் நினைத்தேன். அவளிடமே அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவளும் சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது, அக்கா. நான் சந்தோஷப்பட்டதால் அவள் இன்னும் குறைத்துக்கொண்டிருப்பாள். இதை நினைத்தால் லோரியில் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. வேலைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது.

உன் மார்ச் இரண்டாம் தேதிக் கடிதம், பெரியம்மாவும் பூஜாடியும் என்று எழுதியிருந்தாயே, அது அம்மாவை எரித்த மறுநாள்தான் தபாலில் வந்தது. வாசலில் நின்று படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நானும் நினைத்தேன். நீயும் இப்போது நினைப்பாய். அதனால்தான் சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் இழுத்தேன். உண்மையை எழுது என்று கேட்டாய், எழுதிவிட்டேன். ஆள் வைக்காதே என்று நீ சொன்னது தப்பா, நீ சொன்னதைச் செய்த நான் தப்பா, எனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். அம்மாவும் அப்படித்தான். எனக்கு உன் மேல் கோபம் இல்லை. உனக்கு என் மேல் இருந்தால் இருக்கட்டும்.

உன் துங்கு ஐயா அன்றைக்கு உன்னைத் தானே காரோட்டிக்கொண்டு வந்து விட்டாரே, நீ உள்ளே அழுதுகொண்டிருந்தாய், பார்த்திருக்கமாட்டாய். பந்தலுக்கு வெளியே ஒரு ஓரமாக நின்றார். யாரோ காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளாஸைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்தார். மண்டோர் ரவிச்சந்திரன் அதைப் பக்கத்திலிருந்தவரை இடித்துக் காட்டினார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் தோளில் கை வைத்து ஏதோ மலாயில் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை, அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. யார் வாயிலாவது கேட்டு, தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நானே சொல்லிவிடுகிறேன்.

தோளில் மண்குடத்தை வைத்தார்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர். அம்மாவைச் சுற்றி வரச் சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒருவர் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் என் முதுகெல்லாம் வழிந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும், "திரும்பிப் பார்க்காம குடத்தைப் பின்னால போட்டுட்டு நடப்பா" என்றார்கள்.

நான் போடவில்லை. திரும்பிவிட்டேன். குடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை இறக்கி அம்மா வாயருகே கொண்டுபோய், "ஒரு வாய் குடிம்மா, நான் தொவச்சிக்கிறேன்" என்றேன். எல்லாரும் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

வசந்தன்